நாற்பத்தொரு டிராஃப்ட்

இந்த வேலையில் நான் செய்த தவறுகளை எல்லாம் சொன்னால் உங்களுக்கு என்மேல் இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே. கள்ளக்குறிச்சியில் நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஹார்ட் டிஸ்க் போனால் என்ன செய்வது, வைரஸ் வந்தால் என்ன செய்வது என்பதை எல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது பார்த்தால் அற்பமாகத் தெரியும் ஒரு புகாரைப் பற்றி. “மெயில் எழுதிக்கிட்டு இருக்கேன், டிராஃப்ட் சேவ் ஆகல.”

அந்தப் புகார் வந்தால் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைக்கிறோம். நெட் மெதுவாக இருக்கும், மெயில் பெட்டி நிரம்பியிருக்கும், பத்து நிமிட வேலை. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் ஒரு வியாழக்கிழமை காலை தியாகதுருகம் சாலையில் இருந்த அந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். அப்போது எனக்கு இந்த வேலையில் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தவறு செய்வதற்கு ஏற்ற வயது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கை மூளையை முந்திக்கொண்டு போகும்.

அது சிறிய அறக்கட்டளை. கல்வராயன் மலைக்கிராமங்களில் குழந்தைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ஊரில் ஓர் அலுவலகம், மலையில் வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய மையம். இரண்டு இடத்திலும் தலா ஒரு கணினி. இரண்டிலும் ஒரே மெயில் கணக்கு. ஊர் அலுவலகத்தை ஜமீலாம்மா பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவர் அனுப்பும் கடிதத்தில் ஒரு புள்ளி தவறாது. மலையில் இருந்தவள் செல்வி. அந்த மலையிலேயே பிறந்தவள், நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு அங்கேயே திரும்பிப் போனவள்.

“இன்னான்னே தெரியல மேடம்,” என்றார் ஜமீலாம்மா. “அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ‘சேவ் பண்ண முடியல’ன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. ஒரே லெட்டரு வரிசையா நின்னுக்கினு இருக்குது பாருங்க.”

பார்த்தேன். அனுப்பாத கடிதங்கள் கிடக்கும் டிராஃப்ட் பெட்டியில் ஒரே தலைப்பில் நாற்பத்தொரு கடிதங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கணினியில் நிறுவிய மெயில் செயலி, நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை கடிதத்தைத் தானாக மெயில் நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கும். புதிய நகலை வைத்துவிட்டுப் பழைய நகலை எடுத்துவிட வேண்டும். மலையில் நெட் விட்டுவிட்டு வரும். புதியதை வைக்கிறது, பழையதை எடுப்பதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. அப்படி நகல் மேல் நகல் சேர்ந்து, கூடவே இணைத்திருந்த புகைப்படங்களும் சேர்ந்து, பெட்டி நிரம்பிவிட்டது. நிரம்பிய பெட்டியில் புதிதாக எதுவும் சேராது. சரியான கணிப்பு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தவறு அதற்குப் பிறகு வந்தது. நேரத்தின்படி அடுக்கினேன். கடைசியாகச் சேமித்தது அன்று காலை ஒன்பதரைக்கு. அதை வைத்துக்கொண்டு மீதி நாற்பதையும் அழித்தேன். இடம் வேண்டுமே என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். எச்சரிக்கைப் பெட்டி வந்தது, ஆமாம் என்று அழுத்தினேன். ஜமீலாம்மா அந்த நேரம் எனக்கு டீ வாங்கிவரச் சொல்ல வாசலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“சரியாயிடுச்சும்மா. திறந்து பாருங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைத் திறந்தார். கீழே நகர்த்தினார். மறுபடி மேலே வந்தார். மறுபடி கீழே போனார்.

“மேடம், நேத்து சாயங்காலம் நான் படிச்சப்போ ஆறு குடும்பம் இருந்துச்சு. இதுல ரெண்டுதான் இருக்குது.”

அது என்ன கடிதம் என்று நான் அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மலையில் ஒரு சிற்றூரில் சில வருடங்களாகவே குழந்தைகளின் கால்கள் வளைந்துகொண்டு வந்தன. நான்கு வயதில் ஓடிய பிள்ளை ஏழு வயதில் நடக்கத் தடுமாறியது. செல்வி பல பேருக்கு எழுதிப் பார்த்தாள். கடைசியாக சென்னையில் ஒரு எலும்பு மருத்துவர் பதில் போட்டிருந்தார். ‘ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் குழு கூடுகிறது. எந்த ஊருக்கு முகாம் போவது என்று அதில்தான் முடிவு செய்வோம்.’

செல்வி ஒவ்வொரு தாயையும் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பேசப் பேச நேராக மெயிலிலேயே தட்டச்சு செய்திருக்கிறாள். காகிதத்தில் எதுவும் இல்லை.

“மறுபடி கேட்டு எழுதிக்க முடியாதாம்மா?”

“எங்கங்க கேக்கறது? நேத்து சாயங்காலமே அவங்கல்லாம் கேரளாவுக்கு மொளகு பறிக்க லாரி ஏறிட்டாங்க. அவங்க போறதுக்குள்ள எழுதிடணும்னுதான் அந்தப் பொண்ணு மூணு நாளா சாப்பிடாம கொள்ளாம உக்காந்துக்கினு இருந்துச்சு.”

காலை ஒன்பதரை மணிக்குச் சேமிக்கப்பட்டது செல்வி எழுதியது அல்ல. ஜமீலாம்மா செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தைத் திறந்து எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார். அந்த ஜன்னலை மூடாமல் கீழே இறக்கி வைத்துவிட்டார். அதற்குள் இருந்தது செவ்வாய்க்கிழமைக் கடிதம், இரண்டு குடும்பம். வியாழன் காலை வந்ததும் அதன் அடியில் அறக்கட்டளையின் முகவரியைச் சேர்த்திருக்கிறார். உடனே செயலி அதைப் புதிய நகலாகச் சேமித்துவிட்டது, பெட்டியில் மிச்சமிருந்த இடமும் அதோடு தீர்ந்தது. நேரம் புதியது, உள்ளே இருந்தது பழையது. கடைசியாகச் சேமித்ததும் கடைசியாக எழுதியதும் ஒன்றேதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. வாடிக்கையாளரின் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பது நம் ஒழுக்கம். ஆனால் எழுதியவரைக் கேட்கக்கூடாது என்று எந்த ஒழுக்கமும் சொல்லவில்லை.

மெயில் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியும் என்று உறுதி தர முடியாது, முயற்சி செய்ய மூன்று வேலைநாள் ஆகும் என்றார்கள்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. மலைக் கணினியிலும் அதே செயலி இருந்தது. எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தால், நேற்று மாலை செல்வி அணைத்துவிட்டுப் போனபோது இருந்த நாற்பது டிராஃப்ட்டும் அதற்குள் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்பு அதை அமைத்தவள் நான்தான். பிரதி வைப்பதற்கான கட்டத்தில் டிக் போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

போட்டிருந்தாலும் ஒரு சிக்கல். அந்தக் கணினி நெட்டில் சேர்ந்த மறுநிமிடம் சர்வரைப் பார்க்கும். ‘இங்கே நாற்பதும் இல்லை’ என்று தெரிந்ததும் தன்னிடம் உள்ள நாற்பதையும் அழித்துவிடும். அப்படித்தான் அது பழக்கப்பட்டிருக்கிறது.

“செல்விக்கு போன் போடுங்கம்மா. கம்ப்யூட்டர ஆன் பண்ண வேணாம்னு சொல்லுங்க.”

“நேத்து ராத்திரி காத்துல டவர் போயிடுச்சு மேடம். போனும் இல்ல, நெட்டும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே டவருதான்.”

டவர் வராதவரை கடிதத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் டவர் வராதவரை செல்விக்கு விஷயத்தைச் சொல்லவும் முடியாது. டவர் வந்துவிட்டால் நம் போன் முந்துமா, கணினி முந்துமா என்பது யார் கையிலும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். எதையாவது அழுத்தத் தோன்றும். நான் மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

ஜமீலாம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். “அந்தப் பொண்ணு என்னைத்தான் திட்டப் போவுது. ஏற்கனவே எழுதினதெல்லாம் காணாப்பூடுது, நீங்கதான் அழிக்கிறீங்கன்னு சண்ட. போன வருசம் இப்படித்தான், பாஸ்வேர்ட மாத்திட்டு சொல்ல மறந்துட்டேன். மேல ஒண்ணும் போகல, ஒண்ணும் வரலன்னு ஒரு வாரம் என்கூட மூஞ்சி குடுத்துப் பேசல.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இன்னா சொன்னீங்க? பாஸ்வேர்ட மாத்தினா மேல ஒண்ணும் வரலியா?”

“ஆமாங்க. பாஸ்வேர்டு குடுன்னு கம்ப்யூட்டரு கேட்டுக்கினே நின்னுச்சாம்.”

பாஸ்வேர்ட் தவறாக இருந்தால் மலைக் கணினி சர்வருக்குள் நுழையவே முடியாது. நுழைய முடியாவிட்டால் அங்கே எது இருக்கிறது, எது இல்லை என்று அதற்குத் தெரியாது. தெரியாதவரை தன்னிடம் இருப்பதைத் தொடாது. எனக்கு இந்த விஷயம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் என் தலைக்குள் அது வரவில்லை. கணினியைப் பற்றி எதுவும் படிக்காத ஒருவரின் பழைய மனத்தாங்கலில் இருந்து அது கிடைத்தது. வாடிக்கையாளர் பழைய கதை பேசினால் காது கொடுங்கள். நமக்கு வேண்டியது சில சமயம் அதற்குள்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றும்போது மணி பதினொன்று. ஜமீலாம்மாவிடம், “விடாம போன் போட்டுக்கினே இருங்க. கிடைச்சா கம்ப்யூட்டர தொட வேணாம், நான் வர்றேன்னு மட்டும் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரைக்கும் என் போனில் சிக்னல் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. சொன்னால் வெட்கம்தான், நான் அப்போது யோசித்தது கடிதத்தைப் பற்றி அல்ல. செல்வியிடம் என்ன சொல்வது என்பதைத்தான். ‘பெட்டி நிரம்பி டிராஃப்ட் போய்விட்டது’ என்று சொல்லலாம். அதில் பொய் என்று எதுவும் இல்லை. ‘சர்வர் அழித்துவிட்டது’ என்று சொல்லலாம். அவளுக்குச் சரிபார்க்கத் தெரியாது. நம் தொழிலில் இது ஒரு பெரிய வசதி, அதனால்தான் பெரிய ஆபத்தும்.

மையத்தை அடையும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஒரு மணிக்கு டவர் வந்துடுச்சுக்கா. வந்ததும் ஆன் பண்ணேன். பாஸ்வேர்டு குடு, பாஸ்வேர்டு குடுன்னு கேட்டுக்கினே இருக்குது. அப்புறந்தான் அந்தம்மா போன் பண்ணாங்க. தொடாத, மேடம் வர்றாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்லல. அழிச்சுட்டாங்கதானக்கா? திருத்தறேன் திருத்தறேன்னு அழிச்சுட்டாங்க.”

ஜமீலாம்மா போனில் ஏன் என்று சொல்லாமல் விட்டது எனக்காக. நானே வந்து சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். அது எனக்கு அந்த வாசலில் நின்றபோதுதான் புரிந்தது.

“அவங்க இல்ல செல்வி. நான்தான் அழிச்சேன்.”

அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

“நாப்பத்தொரு காப்பி இருந்துச்சு. கடைசியா இருந்ததுதான் சரியானதுன்னு நினைச்சு மீதியெல்லாம் அழிச்சுட்டேன். யாரையும் கேக்கல. இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கலாம். இருக்குதுன்னு உறுதியா சொல்ல முடியல. பாக்கலாமா?”

அவள் வழி விட்டாள்.

முதலில் நெட் டாங்கிளைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்ட பெட்டியை மூடினேன். டிராஃப்ட் பெட்டியைத் திறந்தேன். நாற்பது தலைப்புகள் தெரிந்தன. தலைப்பு தெரிவது பெரிய விஷயம் இல்லை, பிரதி வைக்காவிட்டாலும் தலைப்பு தெரியும். முதலாவதைச் சொடுக்கினேன். ஒரு நொடி வெள்ளையாக இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

டிக் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் செல்வி மூச்சு விடும் சத்தம் கேட்டது. நான் எதையும் கொண்டாடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தை மட்டும் எடுத்து வேறு கோப்பில் ஒட்டி, அதைப் பென் டிரைவிலும் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பதும் முடியும்வரை எது சரி, எது தவறு என்று பார்க்கவே இல்லை. அது என் வேலை அல்ல என்று காலையிலேயே தெரிந்துகொண்டிருந்தேன்.

“இப்ப நீ உக்காரு,” என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். “எது உன் லெட்டருன்னு நீதான் சொல்லணும்.”

அவள் வரிசையாகப் படித்தாள். சிலவற்றில் நான்கு குடும்பம், சிலவற்றில் ஐந்து. ஒன்றில் ஆறும் இருந்தன. அதைக் கண்டதும் நான் சந்தோஷமாகப் பென் டிரைவை எடுக்கப் போனேன். செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள். அதற்குப் பிறகும் ஒரு நகல் இருந்தது. அதிலும் ஆறு குடும்பம்தான், ஆனால் ராமாயி என்ற தாய் சொன்னது மட்டும் நான்கு வரி கூடுதலாக இருந்தது. “கடேசியா லாரி ஹாரன் அடிக்கிற வரைக்கும் அவ சொல்லிக்கினே இருந்தாக்கா. இதுதான்.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடிதம் சென்னைக்குப் போனது. ஜமீலாம்மா ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அனுப்பினார். அன்றைக்கே செல்விக்குத் தனிக் கணக்கு போட்டுக்கொடுத்தேன். டிராஃப்ட் சர்வருக்குப் போகாமல் அவரவர் கணினியிலேயே சேமிக்கும்படி மாற்றினேன். இதை மூன்று வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு இடத்தில் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் அன்றைக்கே கேளுங்கள்.

நம் சென்டரில் வேலைத்தாள் எழுதும்போது பழுதின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்போதைய மேலாளர் எட்டிப் பார்த்தார். “சர்வர் கோளாறுன்னு போட்டுட்டுப் போங்க. எதுக்கு வம்பு?” என்றார். அவர் கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான், ‘எழுதியவரைக் கேட்காமல் நகல்களை அழித்தேன்’ என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளால் எனக்கு எந்தக் கேடும் வரவில்லை. வந்திருந்தாலும் தாங்கியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான், தெரியாது.

சில வாரங்கள் கழித்து செல்வியின் மையத்துக்கு ஒரு பிரிண்டர் பொருத்தப் போனேன். அன்றைக்குத்தான் சென்னையில் இருந்து மருத்துவக் குழு வந்திருந்தது. மிளகுப் பறிப்பு முடிந்து ஊர்க்காரர்களும் திரும்பியிருந்தார்கள். நான் ஒரு மூலையில் கேபிளைச் செருகிக்கொண்டிருந்தேன். அந்த எலும்பு மருத்துவர், நரைத்த தலையுடன் ஒரு அம்மா, கையில் கடிதத்தின் அச்சுப்பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாயிடமும் அவரவர் சொன்னதைப் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ராமாயியின் முறை வந்தது. அவள் தன் இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டாள்.

“எல்லாம் சரிதாங்க,” என்றாள். “ஒண்ணு மட்டும் வுட்டுப்போச்சு.”

என் கை கேபிளில் அப்படியே நின்றது. நாற்பத்தொன்றில் எதையோ தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“இன்னா வுட்டுப்போச்சு?” என்று கேட்டாள் செல்வி.

“மழ காலத்துல அடிபம்பு பக்கம் போமாட்டோம். ஓடத் தண்ணிதான் குடிப்போம். அப்பல்லாம் புள்ளைங்களுக்கு வலி கம்மியா இருக்கும். அத எழுதலியே நீ.”

“நீ எங்கடி இத சொன்ன? அன்னிக்கி நீ இத சொல்லவேயில்ல!”

ராமாயி யோசித்தாள். “சொல்லலியா? சொல்றதுக்குள்ள லாரி வந்துடுச்சோ இன்னாவோ.”

மருத்துவர் ஸ்டூலை இழுத்து ராமாயிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கடிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, “எந்த அடிபம்பும்மா? முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றார்.

அடுத்த வாரம் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். பம்புத் தண்ணீரில் எலும்பைக் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்று முடிவு வந்ததும் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ராமாயியின் மூத்த பெண்ணுக்குக் கால் முழுதாக நேராகவில்லை. இளையவள் ஓடுகிறாள்.